பட்டா நிலத்துத் தேக்கு எப்போது ஊர் தாண்டும்?

வனத்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். இந்த ஆடிக் காற்றில் எங்கள் தோட்டத்து வரப்பில் நின்ற தேக்கு மரங்கள் சில சாய்ந்துவிட்டன. அப்பா வைத்தவை. யாரும் வெட்டவில்லை. ஆனாலும் லாரியில் ஏற்றப் பர்மிட் வேண்டும். சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் வைத்து விண்ணப்பித்தாயிற்று. "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்பதற்கு மேல் பதில் இல்லை.

"தேக்கு என்ன தக்காளியா, அழுகிப்போக?" என்று கேட்டார் அலுவலகத்தில் ஒருவர். நடுவிலுள்ள வைரம் கெடாது, சரி. ஆனால் தோட்டத்துத் தேக்கில் வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக்கட்டையும் கணிசமாக இருக்கும். ஈரத்தரையில் கிடந்தால் அதில் வண்டு துளைக்கும், கரையான் ஏறும். வாங்க வந்த வியாபாரி கன அடி விலையைக் குறைத்தார். மறுமுறை இன்னும் குறைத்தார். பிறகு வரவே இல்லை. அடுத்து வந்தவர், "பர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பாதி விலைக்குக் கொடுங்கள்" என்றார். எனக்குக் கிடைக்காதது அவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். பட்டா நிலத்து மரத்துக்கான விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

காட்டு மரத்தைப் பட்டா மரம் என்று சொல்லிக் கடத்துவார்கள் என்ற உங்கள் கவலை நியாயம். அடிக்கட்டை அங்கேயே இருக்கிறது, வந்து அளந்துகொள்ளுங்கள். வராமலே சந்தேகப்பட்டால் எப்படி?

விவசாயி வளர்க்கும் மரங்களுக்கான விதிகளை எளிமையாக்கச் சொல்லி 2014-லேயே தேசிய வேளாண் காடுகள் கொள்கை வந்துவிட்டது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017-இல் வனச் சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையிலிருந்தே விடுபட்டது. மரம் கொண்டுபோக, நாடு முழுக்கச் செல்லும் இணையவழி பாஸ் 2023-இல் அறிமுகமானது. உங்களுக்குத் தெரியாததா? எங்கள் ஊர் ஆசாரி இன்றைக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த தேக்கில்தான் கதவு நிலை செய்கிறார். கடல் தாண்டி வருகிற மரத்துக்குக் காகிதம் சரியாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மரம்தான் அவர் பட்டறைக்குப் போக முடியவில்லை.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் போகிறோம் என்கிறீர்கள். வன மகோத்சவத்துக்கு இலவசக் கன்று, கூடவே ஒரு ஃபோட்டோ. வைக்கும்போது வந்த கூட்டத்தில் ஒருவரையாவது வெட்டும்போது காணோம். நான் படும் பாட்டைப் பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பிலிருந்த தேக்குக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்துவிட்டார். உங்கள் 33-இல் அவர் கணக்கை எங்கே சேர்ப்பீர்களோ!

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். 30 நாளில் பதில், இல்லையென்றால் அனுமதி. இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும். அதுவரைக்கும், ஐப்பசி மழைக்கு முன் என் மரங்களை அளக்க ஓர் அலுவலரை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தேக்கு விவசாயி