பற்று நோட்டும் பதினைந்தாம் தேதிப் பணமும்

ஆச்சிமார், அக்காமார், அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

"உரிமைத்தொகை ஏறிருச்சு, பாக்கியைக் கழிச்சுக்கிருங்க" என்கிறார்கள் சிலர். "பணம் வந்த அன்னைக்கே கேக்காதீங்க" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நியாயம்தான். அதனால் கடையின் ஏற்பாட்டை எழுதியே சொல்லிவிடுகிறோம்.

2023 செப்டம்பரில் அரசின் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாயாக வரத் தொடங்கியபோது, வியாபாரம் கூடும் என்று காரைக்குடி கடைவீதியில் பேச்சு இருந்தது. நம் கடையில் உளுந்தும் நல்லெண்ணெயும் பழைய அளவில்தான் போயின. ஆனால் பற்றுக்குப் போனவை ரொக்கத்துக்குப் போயின. மாதாமாதம் வரும் என்று தெரிந்த பணம், கைக்கு வரும் முன்பே மகளிர் குழுக் கடன் தவணை, சிலிண்டர், பிள்ளைகளின் வேன் காசு என்று பங்கு பிரிந்துவிடுகிறது. பொங்கலுக்கு அரசு மொத்தமாகக் கொடுக்கும் பரிசுப் பணம் வேறு. அப்போது முந்திரி, நெய் எல்லாம் கேட்பீர்கள்.

2021 கொரோனா நிவாரணம் மே, ஜூன் என இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. ஜூனில் ரேஷனில் 14 மளிகைப் பொருளும் சேர்ந்து வந்ததால், இங்கே அதில் இல்லாத எண்ணெயும் வரமிளகாயும்தான் அதிகம் போயின.

அமெரிக்காவிலும் 2020-ல் ஆளுக்கு 1,200 டாலர் வரை கொடுத்தார்கள். வாங்கியவர்களிடம் கேட்டு ஆராய்ந்தபோது, சராசரியாக 40 சதவீதம்தான் செலவாகியிருந்தது. மீதி ஏறக்குறைய சரிபாதியாகச் சேமிப்புக்கும் கடனுக்கும் போயிருந்தது. கொடுத்த பணத்தை ஜனங்கள் செலவழிக்கவில்லை என்று இதைக் குறை சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். கடன் குறைந்த வீடு அடுத்த மாதம் தைரியமாகச் சாமான் வாங்குகிறது.

சரி, இனி நம் ஏற்பாடு. நீங்களே சொல்லாமல் பாக்கியைக் கழிக்கமாட்டோம். அண்ணன் வாங்கிய பற்றை அக்காவின் உரிமைத்தொகையில் கேட்கவே மாட்டோம். அது அவர் பெயரில் வரும் பணம். ஒரே வீடானாலும் வேண்டுமென்றால் நோட்டில் இருவருக்கும் தனித்தனிப் பக்கம் போட்டுத் தருகிறோம். பாக்கி எவ்வளவு என்பதை நாலு பேர் முன்னால் சொல்லாமல், துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைப்போம். பழைய பாக்கிக்கு வட்டி கிடையாது. பணம் வரும் வாரத்தில் விலையை ஏற்றமாட்டோம். மொத்த விலை ஏறினால் முதல் நாளே பலகையில் எழுதிவிடுவோம்.

தனிப் பக்கம் வேண்டுவோர் அடுத்த முறை வரும்போது கல்லாவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடை, காரைக்குடி