30 ரூபாய் ஹோஸும் 6,500 ரூபாய் பில்லும்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக நம் கடையைக் குறை சொல்லும் ஒரு குரல் பதிவு பழைய கார் வைத்திருப்பவர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். நாலு பேரும் "நான் நம்பலைங்க, உங்களுக்குத் தெரியட்டும்னு அனுப்பினேன்" என்று கூடவே எழுதியிருந்தார்கள். நல்லதுங்க. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அதைப் பற்றிக் கேட்டார். ரசம் இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதிவில் இருக்கும் சங்கதி இதுதான். 1994 மாடல் மாருதி 800. ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் குலுங்குகிறது, சில நேரம் அணைந்துவிடுகிறது. கணபதியில் நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டரை இறக்கி, பிரித்து, கிட் (தேய்ந்த உள்சாமான்களுக்கு மாற்று செட்) போட்டு 6,500 ரூபாய் வாங்கினோம். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் பழையபடி குலுக்கல். அவர் வேறொரு மெக்கானிக்கிடம் போனார், அந்த மெக்கானிக் ஒரு வேக்கம் ஹோஸை (இன்ஜின் உறிஞ்சுகிற பக்கத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய்) மாற்றினார், ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிலைத்துவிட்டது. "30 ரூபாய் ஹோஸுக்கு 6,500 பிடுங்கிட்டாங்க" என்று முடிகிறது பதிவு.

ஹோஸ் 30 ரூபாய் என்பது சரிதான். பிடுங்கினோம் என்பதுதான் தூங்கவிடவில்லை.

அந்தக் கார்பரேட்டரைத் திறந்தபோது வண்டிக்காரர் பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் சேம்பரின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவம். பெட்ரோல் வரவை மூடித் திறக்கிற நீடில் வால்வின் கூர் முனையில் நகத்தால் தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு வளையமாகத் தேய்மானம். அது சரியாக மூடாமல் பெட்ரோல் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுகிற ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் தள்ளுகிற ஆக்சிலரேட்டர் பம்பின் சவ்வு (டயாஃப்ரம்) காய்ந்த அப்பளம் மாதிரி. இத்தனையையும் காட்டிவிட்டுத்தான் கிட் போட்டோம். கழற்றிய சாமான்களைப் பொட்டலம் கட்டி அவர் சீட்டிலேயே வைத்தோம், எல்லா வண்டிக்கும் அப்படித்தான். அந்தப் பொட்டலம் குரல் பதிவில் வரவில்லை.

சரி, ஹோஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஐட்லிங்கில் காற்று வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜின் இழுக்கிற காற்று ரொம்பக் குறைவு, அதற்கு ஏற்ற பெட்ரோல் ஊசிமுனை அளவு ஓட்டை வழியாக வரும். அந்த நேரத்தில் மேனிஃபோல்ட் (கலவை இன்ஜினுக்குப் போகும் குழாய்) பேக்கிங்கிலோ ஒரு ஹோஸிலோ சின்ன வெடிப்பு இருந்தால், கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் போதாமல் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரியும். ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால் உள்ளே போகும் காற்று பல மடங்கு ஆகிவிடும், அதில் இந்தக் கசிவு காணாமல் போய்விடும். ரோட்டில் ராஜா மாதிரி போகிற வண்டி சிக்னலில் நடுங்குவது இதனால்தான். அதிலும் மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டி. நல்ல நிலையிலேயே லேசான நடுக்கம் அதன் பிறவிக்குணம். ஒன்று மிஸ் அடித்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு, ஸ்டீயரிங்கே ஆடும்.

ஆக, அந்த வண்டியில் ஸ்லோ ஜெட் அடைத்திருந்ததும் நிஜம், பிறகு ஹோஸ் கிழிந்ததும் நிஜம். இரண்டுக்கும் வெளியே தெரிகிற கோளாறு ஒன்றுதான். ஜுரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மலேரியாவும் ஜுரம், டைபாய்டும் ஜுரம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "கார்பரேட்டரைத் தொடாமல் அனுப்புகிற கடை" என்றுதான் நமக்குப் பெயர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாலே கையில் தட்டுவார். முதலில் பிளக், அப்புறம் பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் முனை), டப்பெட் (வால்வைத் தள்ளும் அமைப்பு), கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்), காற்றுக் கசிவு. இத்தனையும் பார்த்த பிறகுதான் கார்பரேட்டர். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் டப்பெட் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, பாயிண்டும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சரிசெய்து, "கார்பரேட்டர் மாத்தணும்" என்று வந்தவரை 250 ரூபாயில் திருப்பி அனுப்பிய நாட்கள் எத்தனையோ. பிரீமியர் பத்மினி கார்க்காரர்களுக்குத் தெரியும், கண்டென்சர் (பாயிண்டோடு சேர்ந்த சின்ன சாமான்) ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அப்போது யாரும் குரல் பதிவு போடவில்லை. போட வேண்டும் என்றும் இல்லை, விடுங்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு, சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற பிடி) மட்டும் கொஞ்சம் இழுங்கள். குலுக்கல் அடங்கினால் எங்கேயோ காற்றுப் பிடிக்கிறது, அல்லது ஸ்லோ ஜெட் அடைப்பு. இன்னும் மோசமாகிக் கறுப்புப் புகை தள்ளினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், ஃப்ளோட் பக்கம் பார்க்க வேண்டும். எஸ்யூ என்ற வகைக் கார்பரேட்டர் உள்ள அம்பாசடரில் கார்பரேட்டரின் பக்கவாட்டு பின்னைத் தூக்கி, அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனை மயிரிழை உயர்த்திப் பாருங்கள். ஆர்பிஎம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி, ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம், அணைந்தால் குறைவு. அதன் மேலே டேம்பரில் (பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் பகுதி) எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஜெட் ஓட்டையில் கம்பி மட்டும் விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை.

அந்த ஹோஸில் நம் பக்கம் தவறே இல்லையா என்று கேட்டால், உண்டு. கார்பரேட்டரை இறக்கும்போது அதை இழுத்துக் கழற்றியவர்கள் நாங்கள்தான். வயதான ரப்பர், வாய்ப்பகுதி மரக்கட்டையாக இறுகியிருந்தது. திரும்ப மாட்டியபோது பிடித்துக்கொண்டது, பத்து நாள் ஆட்டத்தில் பிளந்துவிட்டது. கையோடு புது ஹோஸ் போட்டிருக்க வேண்டும். எங்கள் பழைய மெக்கானிக் பெரியவர் இருந்திருந்தால் போட்டிருப்பார்.

பெரியவர் போன பொங்கலோடு நின்றுவிட்டார். மூட்டு வலி, குனிய முடியவில்லை. 22 வருடம் நம்மோடு இருந்தவர். ஸ்க்ரூ டிரைவர் பிடியைக் காதில் வைத்து முனையை இன்ஜின் மேல் ஊன்றி, "ரெண்டாவது வால்வு சரியா உக்காரல" என்பார், கழற்றினால் அப்படியே இருக்கும். அந்தக் காதுக்கு மாற்று இல்லை. இப்போது இருக்கும் இரண்டு பையன்களும் கெட்டிக்காரர்கள், ஆனால் கேஜை நம்புகிறவர்கள். மேனிஃபோல்டில் வேக்கம் கேஜ் (உறிஞ்சும் விசையை அளக்கும் கருவி) மாட்டி, முள் 17, 18 அங்குலத்தில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே விடுகிறார்கள். முள் சீராக ஒவ்வொரு சுற்றுக்கும் விழுந்தால் வால்வு. மொத்தமாகத் தாழ்ந்து நின்றால் காற்றுக் கசிவாக இருக்கலாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதைக் கட்டாயமாக்கிவிட்டேன்.

இன்னொன்று பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கி, இப்போது கிட்டத்தட்ட எங்கும் அதுதான். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கிற வண்டியில் ஃப்ளோட் சேம்பரில் அந்த வெள்ளைப் படிவம் வருவது இதனால்தான். பழைய ரப்பர் பைப் சில உப்பும், சில வெடிக்கும். எனவே நிறுத்தி வைக்கும் வண்டியை வாரத்துக்கு ஒருமுறையாவது இருபது நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது.

த்ராட்டில் தட்டைச் சுழற்றும் ஷாஃப்ட் தேய்ந்த கார்பரேட்டருக்கு எந்தக் கிட்டும் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஷாஃப்ட் மிருதுவான உலோகத்தில் வருடக்கணக்காகச் சுழன்று ஓட்டை நீள்வட்டமாகிவிடும், அதன் வழியாகவும் காற்று போகும். ஐட்லிங்கில் ஷாஃப்டைக் கையால் ஆட்டினால் இன்ஜின் சத்தம் மாறும். அதற்கு லேத்தில் ஓட்டையைப் பெரிதாகக் கடைந்து பித்தளை புஷ் (வளையம்) போட வேண்டும். நம் ஊரில் லேத்துக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் இவ்வளவு சின்ன வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் தேதி கொடுத்தால்தான் நான் உங்களுக்குத் தேதி கொடுக்க முடியும்.

ஊட்டி, குன்னூர் வாடிக்கையாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலே காற்று அடர்த்தி குறைவு. இங்கே டியூன் செய்த வண்டி அங்கே பெட்ரோல் நாற்றம் அடித்தால் என்னைத் திட்டாதீர்கள். கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று போனிலேயே சொல்கிறேன்.

இந்த மூன்று வாரத்தில் ஒருவர்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. ஒரு அம்மா, கணவர் விட்டுச்சென்ற பத்மினியை எடுத்து வந்து, "வேலை ஒண்ணும் இல்லை, சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். எதற்காக வந்தார் என்று புரிந்தது. உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் இந்த வண்டிகளை எடைக்குப் போடாமல் வைத்திருப்பதால்தான் நான் இந்தக் கடையை வைத்திருக்கிறேன்.

குரல் பதிவு போட்ட ஐயா இதைப் படித்தால், ஒருநாள் வண்டியோடு வாருங்கள். மீதி ஹோஸ் எல்லாவற்றையும் காசில்லாமல் மாற்றித் தருகிறேன். கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அது வேறு.

வரும் ஒன்றாம் தேதியிலிருந்து சோதனைக்கு 600 ரூபாய் முன்பணம் (வேலை செய்யாவிட்டாலும் திரும்பாது), கிட் வேலைக்கு 7,800, ரப்பர் சாமான்களுக்கு உத்தரவாதம் கிடையாது. மற்றபடி எல்லாம் பழைய மாதிரியேதான்.

ஐட்லிங் கோளாறு என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நாங்கள் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்