வண்டி தயங்குகிறது என்றாயே

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை. அதை அவளே போனில் விரிவாகச் சொல்வாள்.

நீ வண்டியைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடப்பதில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குபீரென்று பாய்கிறது, ஏசி போட்டு நின்றால் இன்ஜின் நடுங்கி சில நேரம் ஆஃப் ஆகிறது என்றாய். சர்வீஸில், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் கடிதம். மாற்றச் சம்மதிக்காதே. முதலில் கழற்றிச் சுத்தம் செய்து பார். நீ சொன்ன அடையாளங்கள் எல்லாம் அழுக்கைத்தான் காட்டுகின்றன.

பள்ளிக்கரணையிலிருந்து ரேடியல் ரோட்டில் ஏறி துரைப்பாக்கம் வரை நீ தினமும் போகிறாய். அங்கே யூ டர்ன் எடுக்கும்போது எதிரே தண்ணீர் லாரி வரும், மாநகரப் பேருந்து வரும். இடைவெளி பார்த்துத் திரும்புகிற அந்த நேரத்தில் வண்டி அரை நொடி யோசித்தால் என்ன ஆகும்? மைலேஜ், சத்தம் எல்லாம் அப்புறம். எனக்கு இந்த அரை நொடிதான் கவலை.

நாம் ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்ரோல் வண்டியில் நம் கால் திறப்பது காற்றின் வழியை. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று, இன்ஜினுக்குள் போகுமுன் ஒரு அலுமினியக் குழாய் வழியாகப் போகிறது. அதுதான் த்ராட்டில் பாடி. அதன் நடுவில் வட்டமான ஒரு தகடு அச்சில் திரும்பும், அதை பட்டர்ஃபிளை என்போம். எவ்வளவு காற்று போகிறது என்று சென்சார் சொல்ல, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இந்த அளவு கொஞ்சம் குறையும். எப்படியிருந்தாலும் காற்று முந்தி, பெட்ரோல் பிந்தி. நான் புதுப்பேட்டையில் தொழில் பழகியபோது எல்லாம் கார்புரேட்டர். அதிலும் இதே தகடு உண்டு, ஆனால் அதில் உள்ளே போகும் காற்றே பெட்ரோலையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது அழுக்குக்கு வருகிறேன். ஏர் ஃபில்டர் இருக்கும்போது அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் புகையும் ஆயில் ஆவியும் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும். அதை வெளியே விடக்கூடாது என்பதால் மறுபடி இன்ஜினுக்குள்ளேயே எரிக்க அனுப்புகிறார்கள். அந்த ஆவி தகட்டின் விளிம்பில் படிந்து, ஃபில்டரைத் தாண்டிவந்த நுண்ணிய தூசியையும் பிடித்துக்கொள்கிறது. சமையற்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் பிசுக்கு ஏறுவது போலத்தான். சென்னையில் இது சீக்கிரம் நடக்கும். சோழிங்கநல்லூர் சிக்னலிலும் மெட்ரோ வேலை நடக்கும் ரோடுகளிலும் ஏசியோடு நின்று நின்று போகிற வண்டியில் தகடு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. சூடான இன்ஜினை ஆஃப் செய்தபிறகும் ஆவி மேலேறி அங்கேயே படியும்.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, தகட்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். பிசுக்கு அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. அதனால்தான் நின்றால் நடுக்கம், கிளம்பும்போது தயக்கம். தகடு பிசுக்கில் ஒட்டி, விடுபட்டவுடன் சட்டென்று திறப்பதால்தான் அந்தப் பாய்ச்சல். ஈசிஆரில் 80-ல் போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை என்றாயே, அதற்கும் காரணம் இதுதான். தகடு நன்றாகத் திறந்துவிட்டால் விளிம்புப் பிசுக்கு எந்த மூலைக்கு? ஆகையால் சுத்தம் செய்தால் புதுச் சக்தி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதே. வண்டிக்கு முன்பு இருந்த சுறுசுறுப்பு திரும்பும், அவ்வளவுதான். அதற்கு மேல் பிக்கப் ஏறும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதே.

முதலில் ஏர் ஃபில்டரைப் பார், கறுத்திருந்தால் மாற்று. ஈசியூவில் பதிந்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் எரர் கோட் ஏதாவது இருக்கிறதா என்று கேள். பி0506 என்று வந்தால் ஐடிலிங் இருக்கவேண்டியதைவிடக் குறைவு என்று பொருள், அழுக்கோடு அது ஒத்துப்போகும். சென்சார் கோளாறு என்று கோட் வந்தால் விஷயம் வேறு, அப்போது என்னைக் கூப்பிடு.

வேலையை நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்தே செய்யலாம். ஜி.பி. ரோட்டில் த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே என்றே கேட்டு வாங்கு. பெட்ரோல், தின்னர் வேண்டாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். காற்றோட்டமான இடத்தில் செய், அந்த ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்று. உன் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து தகட்டுக்குக் கேபிள் கிடையாது, தகட்டைத் திருப்புவது ஒரு சின்ன மோட்டார். கரண்ட் இருக்கும்போது விரலை உள்ளே விட்டால் தகடு மூடி விரலை நசுக்கும். கரண்ட் இல்லாதபோதும் பலமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். கையால் திறக்கவே கூடாது என்று சில கம்பெனிகள் மேனுவலில் போட்டிருக்கும், படித்துப் பார்த்துவிட்டுச் செய். கழற்றும்போது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் போகும் கூலன்ட் ஹோஸ் அதில் சேர்ந்திருந்தால் அங்கேயே நிறுத்தி எனக்குப் போட்டோ அனுப்பு.

ஸ்ப்ரேயை நேராக உள்ளே அடிக்காதே. பழைய பனியன் துணியில் நனைத்துத் துடை. மோட்டார், சென்சார் இருக்கும் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது. விளிம்பில் காய்ந்து இறுகியதற்கு மட்டும் மெல்லிய டூத் பிரஷ். எமரி பேப்பர், ஸ்க்ரூ டிரைவர் முனை, கம்பி பிரஷ் எதுவும் படவே கூடாது. சில தகடுகளில் மெல்லிய பூச்சு இருக்கும், அது போனால் திரும்ப வராது. தகட்டின் பின்பக்கத்தை மறந்துவிடாதே, அழுக்கு அங்கேதான் அதிகம். திரும்பப் பூட்டும்போது, காற்று கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடு. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு, அலுமினிய மரையில் பலத்தைக் காட்டாதே. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தால் அந்த வழியாகக் காற்று கள்ளத்தனமாக நுழைந்து பழைய தொல்லையே திரும்பும்.

இதற்குப் பிறகு நடப்பதைக் கேட்டு நீ பயந்துவிடக் கூடாது. ஸ்டார்ட் செய்தவுடன் ஐடிலிங் எகிறி நிற்கலாம். பலர் இங்கேதான் வேலை கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறார்கள். எதுவும் கெடவில்லை. பிசுக்கு ஏற ஏற, அதை ஈடுகட்டத் தகட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைக்க ஈசியூ பழகியிருந்தது. இப்போது பிசுக்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மறுபடி கற்றுக்கொள்ள வைக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலதில் சாவியை ஆன் செய்து காத்திருந்தால் போதும், சிலதை ஓட்டினால் தானாகச் சரியாகும், சிலதற்கு ஸ்கேனர் வேண்டும். உன் வண்டிக்கு எது என்று மேனுவலைப் பார்த்துச் சொல்கிறேன். சூடான இன்ஜின் 700-லிருந்து 900 ஆர்பிஎம்முக்குள் நின்றால் சரி.

இவ்வளவும் செய்து தயக்கம் தீரவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், ஃபியூயல் பிரஷர் என்று வரிசையாகப் பார்க்கலாம். த்ராட்டில் பாடியை மாற்றும் பேச்சு அதற்கும் பின்னால்தான். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் பார்ட் நம்பர் ஒத்துப்போகாததை வாங்கிவிட்டால் பணம் போனதுதான்.

ஞாயிறு காலையில் கை வைக்குமுன் வீடியோ கால் போடு, நான் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். எஸ்டிமேட் தாளையும் படமெடுத்து அனுப்பு. அதுவரை அந்த யூ டர்ன் வேண்டாம்மா. நேரமானாலும் சிக்னல் வரை போய்த் திரும்பி வா.

அன்புடன்,
அப்பா