முண்ணாண் முந்திக்கொண்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டையோட்டு நரம்புகள் 12 சோடி, முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்) நரம்புகள் 31 சோடி என்று என் பேத்தி ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். அவை எதற்கு என்று கேட்டால் முழிப்பாள். போன கிழமை கூழ்ப் பானையில் அவள் விரல் பட்டுவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்தாள். 'ஆ' என்ற சத்தம் அப்புறம்தான் வந்தது. தோலிலிருந்து போன செய்தி முண்ணாணிலேயே திரும்பித் தசையை இழுத்துவிட்டது; மூளைக்குப் போய் எரிவு தெரியக் கொஞ்சம் பிந்தும். அதுதான் தெறிவினை என்றேன். குழாய்த் தண்ணீரில் விரலைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் அவளை மேசையில் இருத்தி, முழங்கால் சில்லுக்குக் கீழே அகப்பைக் காம்பால் தட்டினேன். கால் துள்ளியது; அதுவும் தெறிவினைதான். இதற்கு ஆய்வுகூடமா வேண்டும்? ரியூசன் கொட்டில்களில் குறிப்பு எழுதுவிக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையின் முழங்காலையாவது தட்டிக் காட்டலாமே.

ஓர் அம்மம்மா,
நல்லூர்.