பூட்டு இருக்கு, பூட்டத்தான் ஆளில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சிசிடிவி படம் வெளிய கசியுறத பத்தி எழுதும்போதெல்லாம் பாஸ்வேர்ட மாத்துங்கன்னு சொல்லி முடிச்சிடுறீங்க. சரிதான், 2016ல மிராய் வைரஸ் அத்தனை கேமராவ புடிச்சதே கம்பெனில போட்ட பாஸ்வேர்ட யாரும் மாத்தாததாலதான். ஆனா கம்ப்யூட்டர், கேமராவையெல்லாம் இணைக்கிற நெட்வொர்க் சுவிட்ச் மாட்டுறது என் பொழப்பு, எனக்கு வேற ஒரு ஆதங்கம் இருக்கு.

ஒரு காலேஜ்ல லேப் பையன் உக்காந்த எடத்துலேயே ஹாஸ்டல் வாசல் கேமராவ பாக்குறான், கேட்டா ஃபயர்வால் (வெளி இன்டர்நெட்ல இருந்து வர்றத தடுக்குற காவல்) இருக்கே சார்ங்குறாங்க. அட, லேப்ல இருந்து கேமராவுக்கு போற ட்ராஃபிக் ஃபயர்வால் பக்கமே எட்டிப் பாக்காதுங்க, சுவிட்சுக்குள்ளயே போய்ட்டு வந்துரும். அங்க தடுக்கணும்னா சுவிட்ச்ல ஏசிஎல், அதாவது எது எங்க போகலாம்னு சொல்ற அனுமதி லிஸ்ட், எழுதணும், அந்த வசதிக்கும் சேர்த்துதான் காசு குடுத்து வாங்கியிருக்காங்க, ஆனா ஒரு வரி கூட அடிக்கல.

கேமராவெல்லாம் தனி விலான்ல (சுவிட்சுக்குள்ளயே பிரிச்ச தனி நெட்வொர்க்) போட்டு, படத்த சேமிக்கிற ரெக்கார்டரோட ஐபிக்கு (நெட்வொர்க் முகவரிக்கு) மட்டும் லிஸ்ட்ல பெர்மிட் குடுத்து, அந்த விலான் இன்டர்ஃபேஸ்ல 'இன்' பக்கம், அதாவது கேமராவுல இருந்து சுவிட்சுக்குள்ள வர்ற வழியில, மாட்டிவிட்டேன், ரெண்டே வரி, லேப்ல கேமரா தொறக்கல, சந்தோஷமா வீட்டுக்கு போய்ட்டேன். மறுநாள் கேமரா ஒவ்வொண்ணா அணையுது! லிஸ்ட்ட மேல இருந்து கீழ படிச்சு எதுலயும் பொருந்தலன்னா சுவிட்ச் தானா டினை பண்ணிரும், அதாவது தடுத்துரும், அந்த கடைசி வரி கண்ணுக்கே தெரியாது, சிஸ்கோ கம்பெனி சுவிட்சுல அது லாக்லயும் (சுவிட்ச் எழுதி வைக்கிற பதிவு) வராது. கேமராவுக்கு தானா ஐபி குடுக்குற டிஹெச்சிபிக்கு யுடிபி 67ங்குற போர்ட்ட தொறக்க மறந்துட்டேன், ஐபிக்கு குடுத்த ஒரு நாள் லீஸ் (தவணை) முடிய முடிய கேமரா ஐபி கெடைக்காம விழுந்துருக்கு. 'டினை ஐபி எனி எனி லாக்'னு (மிச்ச எல்லாத்தையும் தடு, தடுத்தத பதிவும் பண்ணுன்னு அர்த்தம்) நானே கடைசில ஒரு வரி போட்டப்புறம்தான் திருடன் மாட்டுனான், சரி அன்னிக்கு வாங்குன திட்டு தனிக்கதை.

இந்த பயத்துலதான் பாதி பேர் ஏசிஎல்ல தொடவே மாட்டேங்குறாங்க. தப்பா போனா தானா பழையபடி வரட்டும்னு பத்து நிமிஷத்துல சுவிட்ச ரீஸ்டார்ட் பண்ற 'ரீலோட் இன் 10' அடிச்சிட்டு, சேவ் பண்ணாம வேலைய பாத்தா போதும், இதுக்கு ஏன் இவ்ளோ நடுக்கம்னு தெரியல.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒண்ணு சொல்லுங்க: பில்லுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மாட்டுனவர, சுவிட்ச்ல எழுதுன ஏசிஎல்ல காட்டுற 'ஷோ ஆக்சஸ் லிஸ்ட்ஸ்' கட்டளைய அடிச்சு காட்டச் சொல்லணும். ஸ்க்ரீன் காலியா இருந்தா பேனாவ பாக்கெட்ல வச்சுக்கட்டும்.

நெட்வொர்க் வேலை பாக்குற ஒரு வாசகன், திருப்பூர்