சில்லு தேய்த்த கை

அன்புள்ள ராமலிங்கம்,

இங்கு அனைவரும் நலம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பொங்கல் கழிந்தும் பதில் இல்லை என்று தொலைபேசியில் என் மனைவியிடம் நீ முறையிட்டது நியாயமே. கண்புரை அறுவையைக் காரணம் காட்டலாம்; ஆனால் என் சோம்பலைப் பள்ளிக்காலம் முதல் அறிந்தவனிடம் அது செல்லாது. இப்போது என்னை எழுத உட்கார வைத்தவள் என் அக்கா.

சென்ற வாரம் அவளைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். “செத்தவுக சட்டி பானையப் பாக்கவா இம்புட்டு தூரம்?” என்று மதுரையிலிருந்து வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டிய அந்த வளாகத்தின் தூண்களையும் முற்றத்தையும் கண்டதும் அடங்கிப்போனாள். 2023 மார்ச்சில் திறந்த கட்டடம் அது. ஏறத்தாழ 31,000 சதுர அடி; ஆயினும் அரசு அலுவலகத்துக்குள் நுழைகிற கூச்சம் ஒருவர் முகத்திலும் இல்லை, கல்யாண வீட்டுக்குள் போவதுபோல் போகிறார்கள். அகழாய்வுக் குழிகளில் மண் சுமந்தவர்களில் பலர் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள்தாம் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். “குவிரன் ஆதன்” என்று தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் கீறிய பானையோட்டின் முன் நின்று, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதையும், அதனால் தமிழ் எழுத்தின் வயது பின்னோக்கி நகர்ந்ததையும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால் அக்காவைக் காணோம்.

அவள் பாண்டி ஆடும் சில்லுகளின் முன் நின்றிருந்தாள், அவளைச் சுற்றி ஏதோ ஒரு பள்ளியின் பிள்ளைகள். உடைந்த ஓட்டில் வளைவு குறைந்த துண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், விளிம்பைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், கனம் மிகுந்தால் கட்டத்தைத் தாண்டி ஓடிவிடும், குறைந்தால் துள்ளிவிடும் என்று, இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். 2018ஆம் ஆண்டு அகழாய்வில் மட்டும் இப்படி அறுநூறு சில்லுகள் கிடைத்தன என்பதை நான் படித்திருந்தேன். ஒரு சில்லு எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஒரு சிறுமி, “பாட்டி, நீங்க அந்தக் காலத்துலயே இருந்தீங்களா?” என்று கேட்டாள். அக்கா சிரித்த சிரிப்பில் காவலரும் சிரித்துவிட்டார்.

முன்பொருமுறை நாம் இருவரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச்சென்றோமே, நினைவிருக்கிறதா? அரை இருட்டு, ஆங்கிலத்தில் மட்டும் குறிப்புகள், “தொடாதே, பேசாதே, நகரு” என்ற விரட்டல். வெளியே வந்ததும் பையன்கள் ஐஸ் வண்டியைத்தான் ஆர்வமாகப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லி நாம் இரண்டு நாள் பேசினோம். குற்றம் பையன்களுடையதன்று என்று இப்போது தோன்றுகிறது. கல்வெட்டையும் செப்பேட்டையும் படித்தவர் மட்டுமே படிக்கலாம். சில்லையும் நூல் நூற்கும் தக்களியையும் சுடுமண் வளையம் அடுக்கிய உறைகிணற்றையும் படிக்க எழுத்து வேண்டாம், அவற்றோடு வாழ்ந்திருந்தால் போதும். ஆனால் அப்படி வாழ்ந்தவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள் என்பதுதான் ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகளில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சில்லு இருக்கும், குறிப்பு இருக்கும். கருங்கல்லில் தேய்த்த கை இருக்காது.

ஆகவே ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை, கீழடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது மூன்று முதியவர்களையும் உடன் அனுப்பச் சம்மதித்துவிட்டார். அக்கா சில்லுக்கு; மண்பாண்டம் செய்கிற நம் சீனி பானைக்கு. தக்களிக்குத்தான் ஆள் இல்லை. ஆறாம் வகுப்பு நூற்பு வகுப்பில் ஒரு முழம்கூட அறாமல் நூற்றறியாத உன்னை நூற்பு ஆசானாக அழைப்பது வரலாற்றுக்கே இழுக்கு, வேறு வழியில்லை. உன் தகரப்பெட்டியில் அந்தத் தக்களி இன்னும் கிடக்கிறதல்லவா? மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை புறப்பாடு. முந்தின நாளே வந்துவிடு, பஞ்சு நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
வைத்தி