ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் கூடுகிறோம்

தோழர்களே, வணக்கம். பாலின அடையாளம் பற்றிப் பேச, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மகாமகக் குளத்தங்கரையில் சந்திப்போம். மாயவரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு ரயில்தான் வசதி.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை தனியாக எனக்கு எழுதியிருந்தார்: “நான் திருநங்கையும் இல்லை, திருநம்பியும் (பிறப்பில் பெண் எனப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) இல்லை. ஆண், பெண் ரெண்டுமே எனக்குப் பொருந்தலை. நான் வரலாமா?” படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. கண்ணு, நீதான் முதலில் வரணும்! தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் வந்துவிட்டது. ஆனால் நான்-பைனரி (non-binary), அதாவது ஆண், பெண் இரண்டுக்குள்ளும் அடங்காதவர் என்று சொன்னால் நம் ஊரில் இன்னும் விழிக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த முறை அதிகம் பேசப்போகிறோம்.

திருநங்கையான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் நடனம் பயின்றது தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். சில அம்மாக்கள் காது கொடுக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: அக்கா, அண்ணா என்று அழைக்கும் முன் அவரவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் போட்டோ எடுக்க வேண்டாம், வீட்டுக்குத் தெரியாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு நம் பொறுப்பு. வருபவர்கள் வெள்ளிக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.